வேப் வாங்க கடையா ஆன்லைனா? லண்டன்ல ஒரு பழைய சிகரெட்காரன் போட்ட கணக்கு

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், ஊர்லேர்ந்து வந்து நாலு மாசம்தான் ஆகுது, கீழ புகை பிடிக்கற மூலையில நின்னுக்கிட்டு கேட்டான், "அண்ணா, நீங்க வேப்புக்கு மாறிட்டீங்களாமே, எங்க வாங்கறீங்க, கடையிலயா ஆன்லைன்லயா, எது சீப்பு?" ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் ஆரம்பிச்சேன், லிஃப்ட் வந்து, ஆறாவது மாடி போய், என் சீட்டுல உக்காந்த பிறகும் அவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். அப்பதான் தோணுச்சு இத எழுதியே வச்சிடலாம்னு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. வேப்னா இ-சிகரெட், நிக்கோட்டின் லிக்விட்டைச் சூடாக்கி ஆவியா இழுக்கறது. இது ஏற்கனவே சிகரெட்டுல மாட்டிக்கிட்டு வெளிய வரப் பாக்கற பெரியவங்களுக்கு. சிகரெட்டே பிடிக்காதவங்க மாம்பழ வாசனை நல்லாருக்கேன்னு இதுக்குள்ள வராதீங்க, இங்க அரசாங்க மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸும் அதையேதான் சொல்லுது. அப்புறம் இது பிரிட்டன் கதை. இந்தியாவுல 2019-லயே வேப்பைத் தடை பண்ணி சட்டம் போட்டாச்சு, விக்கறது வாங்கி வைக்கறது ஊருக்குக் கொண்டுபோறது எல்லாம் குத்தம், அதனால அங்க கடையா ஆன்லைனான்னு ஒரு கேள்வியே கிடையாது.

சரி, என் கதை. பதினாலு வருஷம், நாளுக்கு ஒரு பாக்கெட். விடணும்னு முடிவு பண்ணினப்ப நான் பண்ணின முதல் வேலை நம்ம எல்லாரும் எதுக்கும் பண்றதுதான், யூடியூப்ல ரிவ்யூ பாத்தேன். ஒரு வெள்ளக்காரப் பையன் தொப்பி போட்டுக்கிட்டு ரூம் முழுக்க மேகம் விட்டான், கீழ டிஸ்கவுண்ட் கோட் வேற, ராத்திரி பன்னெண்டு மணிக்கு 55 பவுண்டு போட்டு ஒரு பெரிய டிவைஸ், கூட ஒரு பெரிய பாட்டில் லிக்விட் ஆர்டர் பண்ணிட்டேன். ரெண்டு நாள்ல பார்சல் வந்துச்சு, பேட்டரி தனி, டேங்க் தனி, லிக்விட்டைச் சூடாக்கற காயில் தனி, ஏதோ டார்ச் லைட் மாதிரி கனம். ஒரு இழுப்பு இழுத்தேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு இருமல். அது நெஞ்சுக்கு நேரா மூச்சு மாதிரி இழுக்கற வகையாம், சிகரெட்காரன் வாயில வாங்கி அப்புறம் உள்ள விடுவான், அந்தப் பழக்கத்துக்கு இது ஒத்தே வராது. இருமலுக்குப் பயந்து சின்னச் சின்னதா இழுத்தேன், லிக்விட்ல நிக்கோட்டின் 3 மில்லிகிராம்தான், அதையும் கால்வாசி இழுத்தா உடம்புக்கு என்ன போய்ச் சேரும்? அஞ்சாம் நாள் மறுபடி சிகரெட் பாக்கெட். டிவைஸ் இன்னும் பரண்ல கெடக்கு.

இதுல அந்த சைட் மேல ஒரு தப்பும் கிடையாது பாருங்க. நான் கேட்டதை ஒழுங்கா அனுப்பினான். எனக்கு என்ன கேக்கணும்னு தெரியல, அவ்ளோதான். ஆன்லைனோட பிரச்சினையே அதுதான், நாம என்ன தேடறோமோ அதத் தரும், நாம என்ன தேடணும்னு அது சொல்லாது.

ரெண்டு மாசம் கழிச்சு மழைக்கு ஒதுங்கின மாதிரிதான் ஹை ஸ்ட்ரீட்ல ஒரு வேப் கடைக்குள்ள போனேன். கவுண்டர்ல ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், எடுத்ததும் எந்த டிவைஸும் காட்டல. ரெண்டே கேள்வி. நாளுக்கு எத்தனை பிடிக்கற, காலைல கண்ணு முழிச்சு எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட் பத்த வைக்கற. டீக்கு முன்னாடியே, பத்து நிமிஷத்துலன்னு சொன்னேன். "அப்ப நீ கனமாத்தான் மாட்டியிருக்க லவ்"னு சிரிச்சாங்க. பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், டாக்டர்ங்க நிக்கோட்டின் அடிமைத்தனத்தை அளக்கறப்பவும் இதே ரெண்டு கேள்வியைத்தான் முக்கியமா கேக்கறாங்களாம், எழுந்த அரை மணிக்குள்ள முதல் சிகரெட்னா நல்லா ஊறிப்போனவன்னு அர்த்தம். அந்தம்மா ஒரு சின்ன பாட் டிவைஸ், லைட்டர் சைஸுக்கு, அதுல மாட்ட 0.8 ஓம் பாட் (லிக்விட் ஊத்தற சின்னக் கூடு, ஓம்ங்கறது உள்ள இருக்கற காயிலோட அளவு), 20 மில்லிகிராம் நிக் சால்ட் (தொண்டையில அவ்ளோ கரிக்காத நிக்கோட்டின் வகை) லிக்விட் ஒரு பாட்டில் எடுத்து வச்சாங்க. லிக்விட் ஊத்திட்டு பத்து நிமிஷம் சும்மா வைக்கச் சொன்னாங்க, உள்ள இருக்கற பஞ்சு நனையணுமாம், நனையறதுக்கு முன்னாடி இழுத்தா பஞ்சு கருகி அந்தத் தீஞ்ச ருசி பாட்டைத் தூக்கிப் போடற வரைக்கும் போகாது. அப்புறம் சிகரெட் மாதிரி வெடுக்குன்னு இழுக்காத, மெதுவா நீளமா இழுன்னாங்க. நான் மனசுக்குள்ள சூடான டீயை உறிஞ்சற மாதிரின்னு வச்சுக்கிட்டேன். வேகமா இழுத்தா லிக்விட் வாய்க்கே வந்துடும், அது வேற கசப்பு.

மொத்தம் 28 பவுண்டு ஆச்சு. வீட்டுக்கு வந்து அதே ஐட்டங்களை ஆன்லைன்ல தேடிப் பாத்தேன், பாக்காம இருக்க முடியுமா நம்மளால, 19 பவுண்டு. வயித்தெரிச்சல்தான். ஆனா அந்த 9 பவுண்டுதான் என் வாழ்க்கையிலயே உருப்படியா குடுத்த கன்சல்டிங் ஃபீஸ், 55 பவுண்டு பரண்ல கெடக்கறதை நெனச்சா இன்னும் நல்லாப் புரியும்.

இப்ப தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். கடையில ஒரிஜினல், ஆன்லைன்ல டூப்ளிகேட்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்களுக்கு உண்டு, சில பேருக்கு அப்படியே உல்டாவா, ஆன்லைன்ல ஸ்ட்ராங்கான சரக்கு கிடைக்கும்னு. ரெண்டும் சரியில்ல. 2016-ல வந்த சட்டம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான், ஐரோப்பிய யூனியன் விதியில இருந்து வந்தது, ப்ரெக்ஸிட்டுக்கு அப்புறமும் அப்படியே நிக்குது. நிக்கோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல கூடாது, நிக்கோட்டின் இருக்கற பாட்டில் 10 மில்லிக்கு மேல கூடாது, டேங்க்கோ பாட்டோ 2 மில்லிக்கு மேல கூடாது. நிக்கோட்டின் வேப் பொருள் ஒவ்வொண்ணையும் எம்ஹெச்ஆர்ஏங்கற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகிட்ட பதிவு பண்ணணும், அந்த லிஸ்ட்ட அவங்க சைட்ல யார் வேணா தேடலாம். பெட்டியில முன்னாடியும் பின்னாடியும் நிக்கோட்டின் பத்தின எச்சரிக்கை பெருசா, மூணுல ஒரு பங்கு இடத்துக்குக் கிட்ட இருக்கணும், உள்ள ஒரு தாள் இருக்கணும், மூடி குழந்தைங்க திறக்க முடியாத மாதிரி இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் அது பளபளன்னு கண்ணாடி வச்ச கடையில இருந்தாலும் கள்ளச் சரக்குதான்.

50 மில்லி பாட்டில் ஆன்லைன்ல பாத்தேனே அது எப்படின்னு கேப்பீங்க. அது ஷார்ட்ஃபில், அதுல நிக்கோட்டின் பூஜ்யம், 60 மில்லி பாட்டில்ல 50 ஊத்தி வச்சிருப்பாங்க, நாம 18 மில்லிகிராம் நிக் ஷாட், அதாவது 10 மில்லி நிக்கோட்டின் பாட்டில் ஒண்ணை அதுல கலந்தா கணக்குக்கு 3 மில்லிகிராம் வரும். பெரிய டிவைஸ்காரங்களுக்கானது. என்னை மாதிரி சின்ன பாட் வச்சிருக்கறவன் அதை ஊத்தினா பல தடவை பஞ்சு உறிஞ்சவே செய்யாது, அவ்ளோ கெட்டி. ஆன்லைன்ல விலை மட்டும் பாத்து நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான், மில்லிக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டா ஷார்ட்ஃபில்தான் ஜெயிக்கும், ஆனா நம்ம டிவைஸுக்கு அது ஆகாது.

இப்ப கடைன்னு சொன்னா எந்தக் கடைன்னு கேக்கணும், ஏன்னா இங்க மூணு ஜாதி கடை இருக்கு. ஒண்ணு வேப்பே தொழிலா வச்சிருக்கற கடை. ரெண்டாவது நம்ம தெருமுனை ஆஃப் லைசன்ஸ், பால் பிரெட் லாட்டரி பீர் எல்லாம் விக்கற கடை, லண்டன் பூரா இதுல நிறைய நம்ம இலங்கைத் தமிழர் நடத்தறதுதான். மூணாவது போன் கவரும் மிட்டாயும் பெட்டி தூக்கற டிராலியும் விக்கற நடுவுல கலர் கலரா வேப் அடுக்கி வச்சிருக்கற கடை.

ரெண்டாவது ஜாதியில எனக்குத் தெரிஞ்ச அண்ணை ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட ஒரு நாள் அவசரத்துக்குப் போய் 1.0 ஓம் பாட் இருக்கான்னு கேட்டேன். "தம்பி, எனக்கு உதப்பத்தி ஒண்டும் தெரியாது, கொம்பனிக்காரன் கொண்டந்து வச்சிட்டுப் போறான், நான் விக்கிறன்"னார். இவ்ளோ நேர்மையா சொன்ன மனுஷனை நான் பாத்ததில்ல. அங்க நீங்க போகலாம், பெரும்பாலும் பதிவான சரக்குதான் வச்சிருப்பாங்க, ஆனா யோசனை கேக்காதீங்க, என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போய் அதை மட்டும் கேளுங்க. விலையும் மூணுலயும் இதுலதான் ஜாஸ்தியா இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கும் திறந்திருக்கு பாருங்க, அதுக்கான காசு.

மூணாவது ஜாதி பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட்ல அமெரிக்கன் மிட்டாய்க் கடைன்னு வரிசையா வந்துச்சே, அந்த ஏரியா உள்ளாட்சியான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அங்க ரெய்டு போய் போலிச் சரக்கோட சட்டத்துக்கு மீறின வேப்புகளையும் மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போனாங்க. அடையாளம் ரொம்ப ஈஸி. 2 மில்லி, 20 மில்லிகிராம்னா சுமார் 600 இழுப்புதான் வரும். ஒரே டேங்க்ல பதினஞ்சாயிரம் இழுப்புன்னு எழுதியிருந்தா உள்ள எவ்ளோ லிக்விட் இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இப்ப சட்டப்படியே பெரிய நம்பர் போட்டு வர்றதும் இருக்கு, அதுல 2 மில்லி பாட்டோட கூட 10 மில்லி ரீஃபில் பாட்டில் தனியா மாட்டியிருப்பாங்க, அதனால நம்பரை மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது, பெட்டியைத் திருப்பி மில்லி கணக்கைப் படிக்கணும். நல்ல பேர் இருந்தாலும் படிங்க, 2023 பிப்ரவரியில எல்ஃப் பார் 600-ங்கற பிரபல வேப் சிலதுலயே 2 மில்லிக்கு மேல லிக்விட் இருக்குன்னு தெரிஞ்சு பெரிய சூப்பர்மார்க்கெட்டெல்லாம் அலமாரியில இருந்து எடுத்தாங்க. 2025 ஜூன் 1-லேர்ந்து ஒருதடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடற டிஸ்போசபிள் கடையிலயும் ஆன்லைன்லயும் விக்கவே கூடாது, யாராவது கவுண்டருக்குக் கீழ இருந்து எடுத்துக் குடுத்தா அந்தக் கடைக்கு அப்புறம் பால் வாங்கக்கூட போகாதீங்க.

ஆன்லைன்லயும் இதே மூணு ஜாதி உண்டுங்கறத மறந்துடறோம். வாட்ஸ்அப் குரூப்ல, ஸ்னாப்சாட்ல "ப்ரோ ஸ்டாக் இருக்கு"ன்னு விக்கறவன் ஆன்லைன் கடை ஆகிட மாட்டான். 2024-ல பாத் பல்கலைக்கழகத்துல 38 பள்ளிக்கூடங்கள்ல பசங்ககிட்ட பிடுங்கின வேப்புகளை சோதிச்சுப் பாத்தாங்க, ஆறுக்கு ஒண்ணுல ஸ்பைஸ்ங்கற செயற்கை போதை மருந்து இருந்துச்சு. வீட்டுல பசங்க இருக்கறவங்க இந்த ஒரு வரியை ரெண்டு தடவை படிங்க. ஒழுங்கான சைட்னா முதல் ஆர்டர்லயே வயசை சரிபாக்கும், பேரையும் அட்ரஸையும் வோட்டர் லிஸ்ட் மாதிரி பதிவுகளோட ஒப்பிடும், கிடைக்கலன்னா பாஸ்போர்ட் போட்டோ கேக்கும். புதுசா வந்த நம்ம பசங்களுக்கு முதல் ஆர்டர் இங்கதான் தொங்கும், என் பேர் பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி பேங்க்ல ஒரு மாதிரி, அப்பா பேர் சர்நேமா வந்த கூத்து, மூணு நாள் இழுத்துச்சு. அதுக்காக எரிச்சல் படாதீங்க, வயசே கேக்காம ஆர்டர் எடுக்கற சைட்டுதான் சந்தேகத்துக்குரியது. (சைடுல ஒரு விஷயம், இந்தியன் பாஸ்போர்ட்காரங்க காமன்வெல்த் குடிமக்கள்ங்கறதால இங்க வோட்டர் லிஸ்ட்ல சேரலாம், பாதிப் பேருக்கு இது தெரியாது, கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது.)

காசு கணக்கு. என்னோட கணக்குதான், உங்க ஏரியாவுல முன்னப்பின்ன இருக்கும். அஞ்சு நாளைக்கு ஒரு 10 மில்லி பாட்டில்னு வச்சா மாசம் ஆறு. கடையில ஒண்ணு 4 பவுண்டு, ஆன்லைன்ல ரெண்டரை, ஆக 24-க்கு 15. பாட் மாசம் மூணு, கடையில ஒண்ணு 3 பவுண்டு கிட்ட, ஆன்லைன்ல ரெண்டே கால். எல்லாம் சேத்து மாசம் 11 பவுண்டு வித்தியாசம், வருஷத்துக்கு 130 சொச்சம். சின்னக் காசு இல்லதான். ஆனா நான் விட்ட சிகரெட் பாக்கெட் 16 பவுண்டை ஒட்டி வருது, நாளுக்கு ஒண்ணுன்னா மாசம் 480. தப்பான டிவைஸ் வாங்கி அஞ்சாம் நாள் சிகரெட்டுக்குத் திரும்பினா அந்தப் பதினோரு பவுண்டு ஒரே நாள்ல புகையாப் போயிடும். அதனால சிகரெட்ட முழுசா விடாத வரைக்கும் எது சீப்புங்கற கேள்வியையே கேக்காதேன்னுதான் தம்பிகிட்ட சொன்னேன்.

விட்டு ரெண்டு மூணு மாசம் ஆச்சு, எந்த டிவைஸ் எந்த லிக்விட்னு கைக்குப் பழகிடுச்சு, அப்ப ஆன்லைன்தான் புத்திசாலித்தனம்னு நானும் மாறினேன். மாறினதுல நல்லது நிறைய. கடையில என் பாட் தீர்ந்து போச்சுன்னா "இது கிட்டத்தட்ட அதேதான்"னு வேற ஒண்ணைக் குடுப்பாங்க, ஒரு தடவை அப்படி வாங்கிட்டு வந்து வீட்டுல மாட்டினா பொருந்தவே இல்ல, ஒரே கம்பெனி ஒரே பேர், வேற தலைமுறை மாடல். ஆன்லைன்ல சரியா மாடல் நம்பர் போட்டுத் தேடலாம். ருசியும் கடையில முப்பது நாப்பது இருந்தா அங்க நூத்துக்கணக்குல, எனக்குப் பிடிச்ச வெறும் புதினா, ஐஸ்ங்கற அந்தக் குளிர்ச்சி எதுவும் சேக்காதது, கடைகள்ல கிடைக்கவே மாட்டேங்குது, எல்லாத்துலயும் ஐஸ் போட்டுத் தொலைக்கறாங்க.

ஆனா ஆன்லைன் எனக்கு ஒரு குழி வெட்டி வச்சிருந்துச்சு, அதுல விழுந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. டெலிவரி ஃப்ரீ ஆகணும்னா இருபது பவுண்டுக்கு மேல வாங்கணும். நாலு வாங்கினா பத்து பவுண்டு. பத்து வாங்கினா இன்னும் கம்மி. நம்ம ரத்தத்துலயே இருக்கே, மொத்தமா வாங்கினா லாபம்னு, அரிசி மூட்டை வாங்கற மாதிரி வாங்கினேன். ஒரு நாள் ஷூ ரேக் டிராயரைத் திறந்த வீட்டுக்காரி எண்ணிப் பாத்து 23 பாட்டில்னு சொன்னா. சிகரெட் பிடிச்ச காலத்துல கூட என்கிட்ட ஒரு பாக்கெட்டுக்கு மேல இருந்ததில்ல, தீந்தா மழையில இறங்கிப் போய் வாங்கணும், அந்தச் சோம்பேறித்தனமே ஒரு தடுப்பு. இப்ப தடுப்பே கிடையாது, கை நீட்டினா இருக்கு. அஞ்சு நாள் வந்த பாட்டில் மூணரை நாள்ல தீர ஆரம்பிச்சுது. மில்லிக்கு விலை குறைஞ்சுது, மாசச் செலவு கடைக்காரம்மாவுக்குக் குடுத்த அதே தொகைக்கு வந்து நின்னுச்சு, உள்ள போற நிக்கோட்டின் மட்டும் ஜாஸ்தி.

இது எனக்கு மட்டும்தானோன்னு நெனச்சேன், அப்புறம் 2019-ல லண்டன்லேர்ந்து பீட்டர் ஹாயெக் குழு பண்ணின ஆய்வைப் படிச்சேன். 886 பேர், சிகரெட்ட விடணும்னு என்ஹெச்எஸ் சேவைக்கு வந்தவங்க. பாதிப் பேருக்கு பேட்ச், சூயிங்கம் மாதிரி நிக்கோட்டின் மாத்து மருந்து, பாதிப் பேருக்கு ரீஃபில் பண்ற ஒரு வேப்பும் 18 மில்லிகிராம் லிக்விட் ஒரே ஒரு பாட்டிலும், மிச்சம் உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே வாங்கிக்கோங்கன்னு அனுப்பினாங்க. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட் தொடாம இருந்தவங்க வேப் பக்கம் 18 சதவீதம், மருந்து பக்கம் 9.9 சதவீதம். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, இந்த நம்பரை எல்லா வேப் கடையும் சொல்லும். சொல்லாததும் ரெண்டு இருக்கு அதுல. ரெண்டு பக்கத்துக்கும் குறைஞ்சது நாலு வாரம் வாராவாரம் ஒருத்தர் நேர்ல உக்காந்து பேசினாங்க, சும்மா டிவைஸைக் குடுத்து அனுப்பல. இன்னொண்ணு, அப்படி விட்டவங்கள்ல மருந்து பக்கம் 9 சதவீதம் பேர்தான் ஒரு வருஷம் கழிச்சும் மருந்தை உபயோகிச்சாங்க, வேப் பக்கம் 80 சதவீதம் பேர் இன்னும் வேப்போடதான் இருந்தாங்க. நான் அந்த எம்பதுல ஒருத்தன், 23 பாட்டிலோட.

சிகரெட்டை விட வேப் கெடுதல் ரொம்பக் கம்மிங்கறது இங்க டாக்டர்ங்க ஒத்துக்கிட்ட விஷயம்தான், கெடுதலே இல்லன்னு ஒருத்தரும் சொல்லல. அதனால கடையா ஆன்லைனாங்கறது எனக்கு இப்ப விலை சம்பந்தப்பட்ட கேள்வியாவே தெரியல. வாங்கற இடம்தான் எவ்ளோ இழுக்கறோம்ங்கறதை முடிவு பண்ணுது.

வரி விஷயம் வேற இருக்கு. 2026 அக்டோபர் 1-லேர்ந்து எல்லா லிக்விடுக்கும் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி, நிக்கோட்டின் இல்லாததுக்கும் சேத்து, அதுக்கு மேல 20 சதவீதம் வாட்ங்கற விற்பனை வரி, ஆக பாட்டிலுக்கு 2.64. ரெண்டரை பவுண்டு பாட்டில் அஞ்சைத் தாண்டும், ஷார்ட்ஃபில் 50 மில்லிக்கு 13 பவுண்டு 20 பென்ஸ் வரி மட்டும். கடைக்கும் ஆன்லைனுக்கும் இருக்கற வித்தியாசம் சதவீதத்துல பாத்தா சுருங்கிடும், ஏன்னா வரி ரெண்டுக்கும் ஒண்ணு. இதைக் காட்டி வரிக்கு முன்னாடி வாங்கிக் குவின்னு ஆன்லைன் கடைங்க மெயில் அனுப்பறதைப் பாத்து ஏமாறாதீங்க. லிக்விட் ரெண்டு வருஷத்துக்கு மேல நிக்காது, நிக்கோட்டின் காத்தும் வெளிச்சமும் பட்டா பழுப்பாகி ருசி போயிடும். என்கிட்ட ஆறு பாட்டில் அப்படித்தான் டீ டிகாக்‌ஷன் கலர்ல ஆச்சு. 2027 ஏப்ரல் 1-லேர்ந்து வரி முத்திரை இல்லாத பாட்டிலை யாராவது பாதி விலைக்கு நீட்டினா அது என்னன்னு சொல்ல வேண்டியதில்ல.

திருப்பிக் குடுக்கறது பத்தி வேகமா சொல்லிடறேன். ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள மனசு மாறிடுச்சுன்னு திருப்பலாம், ஆனா சீல் உடைச்சு வாய் வச்ச பொருளுக்கு அது செல்லாது, சுத்தம் சம்பந்தப்பட்டதுன்னு விலக்கு உண்டு. கடையில மனசு மாறினா வாங்கணும்னு சட்டமே இல்ல, நல்ல கடைன்னா மாத்திக் குடுப்பாங்க. பொருளே பழுதுன்னா ரெண்டு எடத்துலயும் 30 நாளுக்குள்ள பணத்தைத் திருப்பிக் கேக்கற உரிமை இருக்கு, 2015 சட்டம். என்கிட்ட ஒரு சைட்காரன் எக்ஸ்பயரிக்கு அஞ்சு வாரம் இருக்கற லிக்விட் பத்து பாட்டில் அனுப்பிட்டு ஆஃபர் சரக்கைத் திருப்ப முடியாதுன்னு அடம் பிடிச்சான், பதினோரு மெயில் போச்சு. கடையில பாட்டிலைத் திருப்பிப் பாத்து அங்கயே கீழ வச்சிருப்பேன், பத்து செகண்டு வேலை.

பழைய டிவைஸைக் குப்பையில போடாதீங்க, லித்தியம் பேட்டரி, குப்பை வண்டியிலயே தீப்பிடிச்ச கதைங்க ஏராளம். தடைக்கு முன்னாடி 2023-ல இந்த நாட்டுல வாரத்துக்கு 50 லட்சம் டிஸ்போசபிள் தூக்கிப் போட்டாங்கன்னு ஒரு கணக்கு வந்துச்சு. வேப் விக்கற கடை பழசைத் திருப்பி வாங்கிக்கணும்னு சட்டம் இருக்கு, கடைக்குப் போற வழக்கம் இருந்தா இது தானா நடந்துடும், ஆன்லைன்லயும் வழி இருக்கு, அதைத் தேடிப் பிடிச்சு அனுப்பறவங்கள நான் இன்னும் பாக்கல.

பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க டிவைஸை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க, மச்சானுக்கு ஒண்ணு வாங்கிட்டு வான்னு போன் வந்தா காது கேக்காத மாதிரி இருங்க. சிங்கப்பூர் வழியா டிக்கெட் போட்டிருந்தா இன்னும் உஷார், அங்க கையில வச்சிருந்தாலே குத்தம், 2025 செப்டம்பர்ல தண்டனைய இன்னும் கூட்டிட்டாங்க. நான் ஊர்ல இருந்த மூணு வாரத்துக்கு பேட்ச் எடுத்துட்டுப் போனேன், ஊர்ல மெடிக்கல் ஷாப்ல 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் சீட்டு இல்லாமலே குடுத்தாங்க.

கடையும் வேண்டாம் ஆன்லைனும் வேண்டாம்ங்கற மூணாவது வழியைத்தான் தம்பிகிட்ட கடைசியா சொன்னேன், முதல்லயே சொல்லியிருக்கணும். 2023 ஏப்ரல்ல இங்கிலாந்துல பத்து லட்சம் சிகரெட்காரங்களுக்கு வேப் கிட் இலவசமாக் குடுக்கறோம்னு அரசாங்கம் அறிவிச்சுது. உங்க கவுன்சில் பேரோட சிகரெட் நிறுத்தும் சேவைன்னு தேடினா நம்பர் கிடைக்கும், எல்லா ஏரியாவுலயும் வேப் குடுக்கறாங்களான்னா போன் பண்ணித்தான் கேக்கணும், பேட்சோ கம்மோ குடுத்து வாராவாரம் ஒருத்தர் பேசறது எப்படியும் உண்டு. அந்த ஆய்வுல நேர்ல உக்காந்து பேசினாங்கன்னு சொன்னேனே, அதே மாதிரி ஆளுங்கதான், காசே கிடையாது. நம்ம ஆளுங்க இதுக்கு மட்டும் வெக்கப்படறாங்க, ஏன்னு தெரியல. தம்பியும் "ஐயோ கவுன்சிலா, விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா"ன்னுதான் கேட்டான். ஒண்ணும் ஆகாதுடா போடான்னேன்.

நான் இப்ப எங்க வாங்கறேன்? ஷூ ரேக் டிராயர் காலி ஆனதும் பழையபடி அந்தம்மா கடைக்கே திரும்பினேன், ஒரு தடவைக்கு ஒரு பாட்டில், நாலு பவுண்டு. 20-லேர்ந்து 10-க்கு இறங்கறேன்னு சொன்னப்ப, பகல்ல 10 வை, காலைல முதல் இழுப்புக்கு மட்டும் கொஞ்ச நாள் 20 வைன்னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, ஆறு வாரத்துல 20 தேவையே இல்லாமப் போச்சு. அடுத்து 5-க்கு இறங்கணும். அங்கதான் சிக்கல், எங்க ஹை ஸ்ட்ரீட்ல எந்தக் கடையிலயும் 5 மில்லிகிராம் நிக் சால்ட் வைக்கறதில்ல, கேக்கறவங்க கம்மியாம். அந்தம்மாவே ஆன்லைன்ல வாங்கிக்கோன்னுட்டாங்க. நேத்து ஒரு பாட்டில் ஆர்டர் போட்டேன், ரெண்டரை பவுண்டு பாட்டிலுக்கு மூணே முக்கால் டெலிவரி. இன்னும் ஏழு பாட்டில் சேத்தா டெலிவரி ஃப்ரீன்னு திரையில காட்டிக்கிட்டே இருந்துச்சு, மூணே முக்காலைக் குடுத்துட்டு மூடிட்டேன்.